பட்டுப்புழு ஏன் மற்ற இலையைத் தொடுவதில்லை?

வணக்கம். தர்மபுரி, ஓசூர் பக்கம் பட்டுப்புழு வளர்க்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். மல்பெரி இலை தீர்ந்துவிட்டால் வேறு இலையைப் போட்டுச் சமாளிக்க முடியாது என்பார்கள். புழு பட்டினி கிடக்கும், தொடாது. அந்தப் பிடிவாதம் எங்கே இருக்கிறது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

தட்டில் புது இலை விழுந்ததும் கொஞ்சம் குனிந்து பாருங்கள். புழு உடனே கடிக்காது. வாயோரத்துக் குட்டி உறுப்புகளால் இலையைச் சில நொடி தட்டித் தட்டிப் பார்க்கும். அப்புறம் லேசாக ஒரு கடி. கசிகிற சாறு பிடித்தால்தான் மேயவே தொடங்கும்.

அந்த உறுப்பில் பக்கத்துக்கு இரண்டு நுண்ணிய முளைகள் உண்டு. ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு துளை, உள்ளே சுவையறியும் நரம்பணுக்கள் நான்கு. நான்கு முளைகளுக்கும் சேர்த்து மொத்தமே 16 அணுக்கள்! நம் நாக்கில் சுவையைப் பிடிக்கிற அணு நரம்பணு அல்ல. அது பிடித்ததை இன்னொரு நரம்பிடம் ஒப்படைக்க வேண்டும். புழுவுக்கு இடையில் ஆள் கிடையாது. சாற்றைத் தொடுகிற அதே அணுவின் வால்தான் உணவுக்குழாய்க்கு அடியில் உள்ள நரம்பு முடிச்சு வரை போகிறது.

சரி, இவ்வளவு சின்ன அணு பேசுவதை எப்படிக் கேட்டார்கள்? 1955-இல் ஹாட்ஜ்சன், லெட்வின், ரோடர் என்ற மூவர் ஈக்களை வைத்து ஒரு வழி கண்டார்கள். மெல்லிய கண்ணாடிக் குழாயில் உப்பு கலந்த சர்க்கரைத் தண்ணீரை நிரப்பி, சுவை மயிரின் நுனியில் தொப்பி மாதிரி மாட்டினார்கள். அந்தத் தண்ணீரே சுவை, அதுவே மின்கம்பி! அணு துடிக்கத் துடிக்க, மின்துடிப்புகள் கருவியில் பதிவாயின. எனக்கு இன்றும் வியப்பு தீராத உத்தி இது. பிறகு புழுக்களின் முளைகளிலும் இப்படித்தான் கேட்டார்கள்.

பட்டுப்புழுவில் வெளிப்பக்க முளை சர்க்கரைக்குத் துடிக்கிறது. உள்பக்க முளையில் கசப்புக்கென்றே ஓர் அணு இருக்கிறது. அது துடித்தால் மேய்ச்சல் நின்றுவிடும்.

2019-இல் சீன ஆய்வாளர்கள் GR66 என்ற ஒரே ஒரு சுவை ஏற்பியின், அதாவது அணுவில் கசப்பைப் பிடிப்பதாகக் கருதப்படும் ஒரு புரதத்தின், மரபணுவைச் செயலிழக்கச் செய்தார்கள். புழு மல்பெரியை விட்டுவிடவில்லை. ஆனால் அதோடு ஆப்பிளையும் பேரிக்காயையும் சோயாவையும்கூடத் தின்றது. சர்க்கரை ஆப்பிளில் எப்போதும் இருந்ததுதான், புழுவுக்குப் பசியும் இருந்ததுதான். அந்த ஓர் ஏற்பி வேலை செய்தவரை இரண்டும் எடுபடவில்லை.