பாறையோரத்தில் ஓர் இரவு

நேயர்களுக்கு வணக்கம். சுவீடனின் மேற்குக் கரையிலுள்ள கோத்தன்பர்க் நகரில் பாய்மரப் படகேறி, ஆற்று வழியாகவும் ஏரிகள் வழியாகவும் நாட்டைக் குறுக்கே கடந்து, கிழக்கே பால்டிக் கடலின் தீவுகளைச் சென்றடையும் பயணத்தைப் பற்றி இன்று பேசுகிறேன்.

வழியில் முதலில் வருவது வேனெர்ன் ஏரி. 5,650 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அதன் நடுவே நிற்கும்போது கரை கண்ணுக்குத் தெரியாது. அதன் கிழக்குக் கரையில், 1810 முதல் 1832 வரை வெட்டப்பட்ட யோத்தா கால்வாய் தொடங்குகிறது. அதன் நீளம் 190 கிலோமீட்டர். அதில் மனிதர் தோண்டியது 87 கிலோமீட்டர், மற்றவை ஏரிகள். கதவுகளை மூடி நீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும் 58 லாக்குகள் அதில் உள்ளன. மிக உயரமான இடத்தில் படகு கடல்மட்டத்துக்கு 91 மீட்டருக்கும் மேலே மிதக்கிறது. இதைத் திட்டமிட்ட பால்ட்சர் வான் பிளாட்டன், பணி முடிவதைக் காணாமலே 1829-இல் மறைந்து, மோத்தலா ஊரில் அதே கால்வாய்க் கரையில் அடக்கமானார்.

ஆயினும் என் மனம் நிற்பது கிழக்குக் கரையில்தான். ஸ்டாக்ஹோமைச் சுற்றி மட்டும் ஏறத்தாழ 30,000 தீவுகளும் திட்டுகளும் உள்ளன. பால்டிக்கில் ஓதம் ஏறி இறங்குவது இல்லையென்றே சொல்லலாம் என்பதால், மாலையில் படகின் அணியத்தை, அதாவது முன்முனையை, பாறையருகே கொண்டுவந்து கட்டினால், காலையிலும் நீர் ஏறக்குறைய அதே மட்டத்தில் இருக்கும். பின்புறத்து நங்கூரத்தைப் பல படகு நீளத்துக்கு முன்னரே இறக்கி, கயிற்றை மெல்ல விட்டபடி நெருங்க வேண்டும். முன்னால் நிற்பவர் நீருக்கடியிலுள்ள பாறைகளைக் கவனித்துச் சொல்லிக்கொண்டே வந்து, குதிக்காமல் கரையில் காலை வைத்து, கயிற்றை மரத்திலோ, பாறை வெடிப்பில் அடித்த இரும்பு முளையிலோ கட்டுவார். பனியுகத்துப் பனிக்கட்டியின் பாரம் நீங்கியதால் இந்நிலம் இன்றும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் எழுந்துகொண்டிருக்கிறது. அதனால் கரையோர ஆழம் மாறிவிடுகிறது; பழைய கடல் வரைபடத்தை நம்பிச் செல்வது தவறு என்பதை நான் வலியுறுத்திச் சொல்வேன்.

இப்படிக் கட்டிக்கொள்ள யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இயற்கை வெளி எல்லோருக்கும் திறந்தது என்னும் பொது உரிமை, வீடுகளுக்கு அருகில் இல்லாத கரைகளில் ஓரிரு இரவுகள் தங்க இடம் தருகிறது. அந்த உரிமைக்கு ஈடாகக் கேட்கப்படும் கவனத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். வெறும் பாறையில் தீ மூட்டினால் அது வெடித்துவிடும், பிறகு ஒருபோதும் ஆறாது; அதனால் அங்கே தீ மூட்டத் தடை உண்டு. பறவைகள் குஞ்சு பொரிக்கும் மாதங்களில் சில தீவுகளை நெருங்கவும் கூடாது. குறுகிய நீரிணைகள் வழியாக மட்டுமே பெருங்கடலோடு கலக்கும் பால்டிக்கில் கழிவு நெடுங்காலம் தங்கிவிடுவதால், 2015 முதல் உல்லாசப் படகுகளின் கழிவறைக் கழிவைச் சுவீடன் நீர்நிலைகளில் கொட்டவும் தடை உள்ளது.

கட்டுமுன் இரவுக் காற்றின் திசையைக் கேட்டறிவது அவசியம். காற்று திரும்பி நேராகக் குடாவுக்குள் வீசினால், படகைப் பாறைமேல் தள்ளிவிடும். ஜூன் மாதத்தில் வானம் முழுதும் இருட்டாததால், அப்படி நேர்ந்தாலும் திட்டுகளைக் கண்ணால் பார்த்தே வெளியேறலாம். ஆகஸ்ட் கடைசியில் அது இயலாது. அப்போது வெளித் தீவுகளை விட்டு, எத்திசைக் காற்றுக்கும் மறைவான உள்குடாக்களையே தேட வேண்டும்.