சாதிக் கயிறு கட்டிய கைகளுக்கு நடுவே: ஜிக்சா முறையில் பாடம் நடத்துவது எப்படி

[திரையில்: எட்டாம் வகுப்புப் பாடநூலின் முன்பக்கம். அதைப் புரட்டும் ஒரு கை. மணிக்கட்டில் இரண்டு நிறத்தில் முறுக்கிய கயிறு.]

"தீண்டாமை மனித நேயமற்ற செயலும் பெருங்குற்றமும் ஆகும்." தமிழ்நாட்டுப் பாடநூல்களின் தொடக்கத்தில் இந்த வரி இருக்கும். அதற்கு முந்தைய தலைமுறை "தீண்டாமை ஒரு பாவச்செயல்" என்று தொடங்கும் மூன்று வரிகளைப் படித்து வளர்ந்தது. பிள்ளைகளைக் கேட்டால் தடுமாறாமல் ஒப்பிப்பார்கள். அந்தப் பக்கத்தைப் புரட்டுகிற கையில்தான் கயிறும் இருக்கிறது. அதன் நிறத்தைப் பார்த்தே யார் எந்தச் சாதி என்று வகுப்பில் எல்லாருக்கும் தெரியும்.

2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பு படித்த பட்டியலின மாணவரையும் அவருடைய தங்கையையும் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். வெட்டியவர்களில் அதே பள்ளி மாணவர்கள் இருந்தார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு என்று சாதியைக் காட்டும் அடையாளங்களுக்குத் தடை, அகர வரிசையில் இருக்கை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது எனப் பல பரிந்துரைகள் அதில் உண்டு.

இருக்கையை மாற்றுவது அவசியம். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் மட்டும் மனசு மாறிவிடுமா? இந்தக் கேள்விக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒரு ஊரில் விடை கிடைத்திருக்கிறது.

[திரையில்: அமெரிக்க வரைபடம். டெக்சாஸ் மாநிலம், ஆஸ்டின் நகரம்.]

1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நிறத்தை வைத்துப் பள்ளிகளைப் பிரிப்பது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் வெள்ளையர், கறுப்பினத்தவர், மெக்சிகோ வழிப் பிள்ளைகள் மூன்று தரப்பும் ஒரே வகுப்பில் வந்து சேர 1971 ஆனது. சேர்ந்த சில வாரங்களிலேயே அடிதடி. கல்வி அதிகாரிகள் அங்கிருந்த பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் எலியட் ஆரன்சனை அழைத்தார்கள். அவரும் அவருடைய மாணவர்களும் உடனே அறிவுரை சொல்லப் போகவில்லை. முதலில் வகுப்புகளில் உட்கார்ந்து கவனித்தார்கள்.

அவர்கள் கண்டது நம் வகுப்பறையிலும் தினமும் நடப்பதுதான். ஆசிரியர் ஒரு கேள்வி கேட்கிறார். ஏழெட்டுக் கைகள் உயர்கின்றன. ஒருவனை எழுப்புகிறார். மற்ற ஏழு முகமும் வாடுகிறது. எழுந்தவன் தப்பாகச் சொல்ல வேண்டும் என்றே அந்த ஏழு பேரும் மனசுக்குள் வேண்டிக்கொள்கிறார்கள், அப்போதுதானே தங்களுக்கு வாய்ப்பு வரும். கை தூக்காமல் கடைசி பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருப்பவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முன்பே வெறுப்போடு வந்தவர்களை இப்படி ஒரு போட்டிக்குள் உட்கார வைத்தால் வெறுப்பு வளரத்தான் செய்யும்.

ஆரன்சன் மாற்றியது பாடத்தை இல்லை, பாடம் நடத்தும் முறையை. வெட்டிய படத்துண்டுகளைச் சேர்த்து முழுப்படம் ஆக்கும் புதிர் விளையாட்டின் பெயரையே அதற்கு வைத்தார்: ஜிக்சா. பாடத்தைத் துண்டு போடுவார்கள். குழுவில் ஒருவருக்கு ஒரு துண்டு. என்னுடைய துண்டு உன்னிடம் இல்லை, உன்னுடையது என்னிடம் இல்லை. பரீட்சை மொத்தப் பாடத்திலிருந்தும் வரும். ஆகவே நேற்று வரை நான் திரும்பிப் பார்க்காத ஒருவன் வாயைத் திறக்கும்போது, இன்று நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாக வேண்டும்.

இதற்குப் பின்னால் இருக்கும் தத்துவம் அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இல் எழுதியது. இரு தரப்பு பழகினால் வெறுப்பு குறையும், ஆனால் அதற்கு நான்கு நிபந்தனைகள் வேண்டும் என்றார். அந்த இடத்தில் இருவருக்கும் சம மதிப்பு. இருவருக்கும் பொதுவான இலக்கு. போட்டியில்லாத ஒத்துழைப்பு. மேலிடத்தின் வெளிப்படையான ஆதரவு. இந்த நான்காவதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்குத் திரும்பி வருவோம்.

[திரையில்: நாற்பது புள்ளிகள். ஐந்து ஐந்தாகப் பிரிந்து எட்டு வட்டங்கள் ஆகின்றன.]

இப்போது நம் வகுப்புக்கு வருவோம். எட்டாம் வகுப்பு, நாற்பது பிள்ளைகள், தலா நாற்பத்தைந்து நிமிடத்தில் இரண்டு பீரியட்.

முதலில் பாடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆரம்பத்திலேயே சாதியைப் பற்றிய பாடத்தை எடுக்காதீர்கள். எடுத்தால் பிள்ளைகள் உஷாராகிவிடுவார்கள், ஆசிரியர் எதிர்பார்க்கிற பதிலைச் சொல்லிவிட்டு மாறாமல் போவார்கள். சாதாரணப் பாடமே போதும். ஒரே ஒரு விதி: ஒரு துண்டு புரிய இன்னொரு துண்டு தேவைப்படக் கூடாது. கணக்கில் படிப்படியாகச் செய்யும் முறை இதற்கு ஒத்துவராது, ஏனென்றால் இரண்டாவது படி முதல் படியைப் பிடித்துத்தான் நிற்கும்.

காவிரி நல்ல பாடம். முதல் துண்டு, குடகில் தலைக்காவிரியில் பிறந்து கடலில் சேரும் பாதை. இரண்டாவது, துணையாறுகள்: ஹேமாவதி, கபினி, பவானி, நொய்யல், அமராவதி. மூன்றாவது, அணைகள்: கல்லணை, கிருஷ்ணராஜசாகர், 1934இல் கட்டி முடித்த மேட்டூர். நான்காவது, டெல்டாவின் குறுவை, சம்பா, தாளடி. ஐந்தாவது, நீர்ப் பங்கீடு: 1892, 1924 ஒப்பந்தங்கள், 1990இல் வந்த நடுவர் மன்றம், கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. தர வேண்டும் என்ற 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு.

ஒவ்வொரு துண்டும் எண்பது, நூறு சொற்களுக்குள் இருக்கட்டும். ஏ4 தாளில் கால் பக்கம். எட்டு செட் நகல் எடுத்தால் நாற்பது சீட்டு. அன்று புத்தகம் மூடியே இருக்க வேண்டும். புத்தகம் திறந்திருந்தால் யாருக்கும் யாரும் தேவையில்லை, முறையே செத்துப்போகும்.

அடுத்து குழு பிரிப்பது. இதைப் பிள்ளைகள் கையில் விடாதீர்கள், தெருவாரியாகத்தான் சேர்வார்கள். பதிவேட்டில் சாதியைப் பார்த்துக் கணக்குப் போடவும் வேண்டாம். மதியச் சாப்பாட்டில் யார் யாரோடு உட்காருகிறார்கள், எந்தப் பேருந்தில் யார் ஒன்றாக வருகிறார்கள் என்று ஒரு வாரம் கவனித்தாலே வேண்டியது எல்லாம் தெரிந்துவிடும். அந்தக் கூட்டங்களைப் பிரித்து எட்டுக் குழுக்களில் தூவுங்கள். நன்றாகப் படிப்பவர், மெதுவாகப் படிப்பவர், ஆண், பெண் எல்லாம் கலந்து வரட்டும். ஒடுக்கப்பட்ட தரப்புப் பிள்ளை ஒருவரை மட்டும் ஒரு குழுவில் தனியாக விடாதீர்கள். முடிந்தவரை இருவராக இருக்கட்டும். தனியாக இருந்தால் அந்தப் பிள்ளை என்ன சொன்னாலும் ஊருக்கே பிரதிநிதி ஆகிவிடும். பட்டியலை வீட்டிலேயே எழுதி வந்து வாசித்துவிடுங்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

முதல் பீரியடில் பத்து நிமிடம், அவரவர் சீட்டைத் தனியாகப் படிப்பது. பிறகு எல்லாக் குழுவிலிருந்தும் ஒரே துண்டு வைத்திருப்பவர்கள் ஒன்றுகூடுவார்கள். ஒரு துண்டுக்கு எட்டுப் பேர் வரும். எட்டு என்றால் அரட்டை ஆகிவிடும், நான்கு நான்காகப் பிரித்துவிடுங்கள். இங்கே இருபது நிமிடம். "இதை நம்ம குழுவுக்கு எப்படிச் சொல்வது?" என்று ஒத்திகை பார்க்க வேண்டும்.

இந்த இருபது நிமிடத்தைத் தயவுசெய்து குறைக்காதீர்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை தப்பிப் பிழைப்பது இங்கேதான். அதே சீட்டை இன்னொருவர் சத்தமாகப் படிக்கக் கேட்டு, இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டுத் தன் குழுவுக்குப் போனால் அந்தப் பிள்ளையிடம் சொல்வதற்கு விஷயம் இருக்கும். இந்தப் படி இல்லாமல் நேராகப் பேசச் சொன்னால் திக்குவான், மற்றவர்கள் சிரிப்பார்கள். "இவனுங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்ற பழைய எண்ணம் நம் கையாலேயே உறுதியாகும்.

மிச்சமுள்ள நேரத்தில் ஆளுக்கு நான்கு வரிக் குறிப்பு எழுதட்டும். சீட்டுகளைத் திரும்ப வாங்கிவிடுங்கள்.

இரண்டாம் பீரியடில் சொந்தக் குழு. முன் பெஞ்ச் திரும்பி உட்கார்ந்தால் போதும், பெஞ்சை இழுக்க வேண்டாம். ஆளுக்கு நான்கு நிமிடம் தன் துண்டைச் சொல்லித்தர வேண்டும், சீட்டு கையில் இருக்காது. அதன் பின் கேள்விக்கு ஐந்து நிமிடம். கடைசியில் பத்து நிமிடத் தேர்வு: ஒவ்வொரு துண்டிலிருந்தும் இரண்டு, மொத்தம் பத்துக் கேள்வி. தனித்தனியாக எழுத வேண்டும், மதிப்பெண்ணும் தனித்தனியாகத்தான். குழுவுக்கென்று ஒரே மதிப்பெண் போட்டால், "உன்னாலதான் குறைஞ்சுது" என்று பழி போய் விழும் இடம் எது என்பது உங்களுக்கே தெரியும்.

[திரையில்: ஐந்து பேர் குழு. ஒருவன் இன்னொருவளின் குறிப்பை எட்டிப் பிடுங்குகிறான்.]

எங்கே சறுக்கும்? முதல் வாரம் எல்லா இடத்திலும் சறுக்கும். கெட்டிக்காரப் பிள்ளை மற்றவரின் குறிப்பைப் பிடுங்கித் தானே வாசித்து முடித்துவிடும். திட்டாதீர்கள். "அவள் சொல்லட்டும், நீ கேள்வி கேள், தேர்வுக்கு இன்னும் பதினைந்து நிமிடம்தான்" என்று காதோரம் சொல்லிவிட்டு நகருங்கள். ஆஸ்டினிலும் இதுதான் நடந்தது. வீட்டில் ஸ்பானிஷ் பேசும் ஒரு பையன், அவனுக்கு வைத்த புனைபெயர் கார்லோஸ், திக்கித் திக்கிப் பேசியபோது குழு கேலி செய்தது. கேலி செய்தால் அவனிடம் இருக்கிற பகுதி உங்களுக்குக் கிடைக்காது என்று நினைவூட்டினார்கள். சில நாளில் பிள்ளைகளே பொறுமையாக அவனிடம் சரியான கேள்விகளைக் கேட்கப் பழகினார்கள். கேள்வி கேட்கக் கேட்க அவனும் தெளிவாகப் பேசினான்.

குழுத் தலைவர் பொறுப்பு பாடத்துக்குப் பாடம் மாற வேண்டும். மாற்றாவிட்டால் முதல் மாணவரோ, ஊரில் பலமுள்ள வீட்டுப் பையனோ நிரந்தரத் தலைவர் ஆகிவிடுவார்கள். அன்றைக்கு நாற்பத்து மூன்று பேர் வந்தால் மூன்று குழுவில் ஆறு பேர், ஒரு சீட்டை இருவர் பாதி பாதியாகச் சொல்லட்டும். யாராவது வராவிட்டால் அந்தத் துண்டைக் குழுவில் வேறொருவருக்குக் கூடுதலாகக் கொடுங்கள்.

கடினமான விஷயம் வேறொன்று. "அவன்கூட உட்கார மாட்டேன்" என்று ஒரு பிள்ளை சொல்லும், அல்லது சொல்லாமல் பெஞ்சின் ஓரத்துக்கு நகரும். வகுப்பு முன்னால் பிரசங்கம் வேண்டாம், குழுவையும் மாற்ற வேண்டாம். குறிப்பாக, ஒதுக்கப்பட்ட பிள்ளையை "நீ வேற குரூப்புக்குப் போயிடும்மா" என்று நகர்த்தவே கூடாது. அது அன்பாகச் சொன்னாலும் தண்டனைதான். மறுத்த பிள்ளையிடம் பீரியட் முடிந்ததும் தனியாக, இரண்டு நிமிடம், உறுதியாகப் பேசுங்கள்: குழு ஆறு வாரத்துக்கு மாறாது. பெற்றோர் வந்தால் தலைமை ஆசிரியரும் அதே வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். அதனால் தொடங்கும் முன்பே அவரிடம் பேசிவிடுங்கள்.

ஆல்போர்ட்டின் நான்காவது நிபந்தனை இங்கேதான் வருகிறது. வகுப்புக்குள் சம மதிப்பு கொடுத்துவிட்டு, வெளியே வந்ததும் பள்ளியே அதைப் பறித்தால் எந்த முறையும் நிற்காது. நான்கு இடங்களைப் போய்ப் பாருங்கள். தண்ணீர்க் குழாயில் யார் முதலில், யார் காத்திருக்கிறார்கள். மதிய உணவில் யார் எங்கே உட்காருகிறார்கள். வகுப்பைப் பெருக்குவதும் கழிவறைக்குத் தண்ணீர் தூக்குவதும் யார், பிள்ளைகளைக் கழிவறை கழுவச் சொல்வது அறவே கூடாது என்பது வேறு விஷயம். நான்காவது, ஸ்காலர்ஷிப் படிவம். "எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்று வகுப்பில் சொல்கிற அந்த ஒரு வாக்கியம் கயிற்றைவிடப் பெரிய அடையாளம். கெட்ட எண்ணத்தோடு யாரும் சொல்வதில்லை, வேலை சீக்கிரம் முடியட்டும் என்றுதான் சொல்கிறார்கள். எழுந்து நிற்கிற பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பெயர்களைச் சீட்டில் எழுதி, ஒவ்வொருவராக அலுவலக அறைக்கு வரச் சொன்னால் பத்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

இரண்டு விஷயங்களைத் தவிர்த்துவிடுங்கள். ஒன்று, தொப்பி, சிலுவை, பட்டுப் புடவை போட்டு மேடையில் நிறுத்தும் "வேற்றுமையில் ஒற்றுமை" வேடப் போட்டி. அது மனிதர்களை உடையாகச் சுருக்குகிறது. இன்னொன்று, 1968இல் அயோவா மாநிலத்தில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை தன் மூன்றாம் வகுப்பில் செய்த நீலக்கண், பழுப்புக்கண் பயிற்சி. கண் நிறத்தை வைத்து ஒரு நாள் ஒரு பாதி உயர்ந்தவர்கள், பிறகு மறு பாதி. பார்க்க உருக்கமாக இருக்கும். ஆனால் தினம் தினம் அவமானத்தை அனுபவிக்கிற பிள்ளைக்கு அதை நடித்துக் காட்டி நாம் எதைக் கற்பிக்கப் போகிறோம்?

ஆஸ்டினில் சில வாரங்களில் பிள்ளைகளுக்கு ஒருவர் மேல் ஒருவருக்கு இருந்த பிடிப்பு கூடியது, சிறுபான்மைப் பிள்ளைகளின் தேர்வு முடிவும் மேம்பட்டது. பிற்காலத்தில் வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகளில் மதிப்பெண் எல்லா இடத்திலும் உயரவில்லை. மதிப்பெண்ணுக்காக மட்டும் இதைத் தொடங்கினால் ஏமாற வாய்ப்புண்டு. வாரம் இரண்டு முறை, குறைந்தது ஆறு வாரம் நடத்துங்கள்.

மாற்றம் வந்ததா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. தொடங்கும் முன் ஒரு சிறு தாளில், "அடுத்த சுற்றுலாவில் பேருந்தில் யார் பக்கத்தில் உட்கார ஆசை? மூன்று பெயர்" என்று எழுதி வாங்குங்கள். ஆறு வாரம் கழித்து அதே கேள்வி. தன் தெருவைத் தாண்டிய பெயர்கள் முதலில் எத்தனை, இப்போது எத்தனை என்று எண்ணுங்கள். ஏதாவது ஒரு பிள்ளையின் பெயரை ஒருவருமே எழுதாமல் விட்டிருந்தால், அடுத்த முறை அந்தப் பிள்ளைக்குப் பாடத்தின் சுவாரசியமான துண்டைக் கொடுங்கள். எண்ணி முடித்ததும் தாள்களைக் கிழித்துவிடுங்கள். அவை வேறு யார் கண்ணிலும் படக் கூடாது.