பேஸ்பால் டிரேட் வதந்தி: எதை நம்பலாம், எதைத் தள்ளலாம்?

[திரையில்: வட அமெரிக்க வரைபடம். கலிஃபோர்னியாவிலிருந்து டொராண்டோ நோக்கி ஒரு மஞ்சள் விமானப் புள்ளி நகர்கிறது.]

2023 டிசம்பர் 8, வெள்ளிக்கிழமை. கலிஃபோர்னியாவின் சான்டா அனா விமான நிலையத்திலிருந்து ஒரு தனியார் ஜெட் டொராண்டோவுக்குக் கிளம்புகிறது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று வெளியே யாருக்கும் தெரியாது. ஆனாலும் ரசிகர்கள் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு, விமானங்களின் நகர்வைக் காட்டும் தளத்தில் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

காரணம் ஷோஹெய் ஓட்டானி. பந்து வீச்சு, பேட்டிங் இரண்டிலும் உச்சம் தொட்டவர். அன்றைய தேதிக்கு எந்த அணியோடும் ஒப்பந்தம் இல்லாத ஃப்ரீ ஏஜென்ட். டொராண்டோ புளூ ஜேஸ் அவரைத் துரத்திக்கொண்டிருந்தது. மேஜர் லீக் பேஸ்பாலின் (எம்எல்பி) டிவி சேனலான எம்எல்பி நெட்வொர்க்கின் செய்தியாளர் ஜான் மொரோசி, 'ஓட்டானி டொராண்டோவுக்கு வந்துகொண்டிருக்கிறார்' என்று செய்தியே போட்டுவிட்டார்.

விமானம் இறங்கியது. கதவு திறந்தது. வெளியே வந்தவர் ராபர்ட் ஹெர்யாவெக். டிவி நிகழ்ச்சிகளில் வரும் கனடா தொழிலதிபர். பேஸ்பாலுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மொரோசி மன்னிப்புக் கேட்டார். மறுநாள் ஓட்டானி இன்ஸ்டாகிராமில் தானே அறிவித்தார்: லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ், 10 வருடம், 70 கோடி டாலர்.

அதற்கு முந்தைய டிசம்பரிலும் இதே கூத்துதான். நியூயார்க் யாங்கீஸின் ஆரன் ஜட்ஜ் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்குப் போவதாகத் தெரிகிறது என்று பேஸ்பால் செய்தியாளர் ஜான் ஹேமன் பதிவிட்டார். போட்ட அவசரத்தில் ஆரன் 'ஆர்சன்' ஆகிவிட்டார். சற்று நேரத்தில் பதிவு காணாமல் போனது. ஜட்ஜ் 9 வருடம், 36 கோடி டாலருக்கு யாங்கீஸிலேயே தங்கினார்.

மொரோசி, ஹேமன் இரண்டு பேருமே பல வருடம் இந்தத் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். அவர்களுக்கே இப்படி என்றால், வீட்டில் உட்கார்ந்து செய்தி படிக்கிற நாம் எதை வைத்து நம்புவது? யார் சொன்னார் என்பதை விட முக்கியமான ஒரு கேள்வி இருக்கிறது. அதைக் கேட்டால் பாதி வதந்தி அங்கேயே உதிர்ந்துவிடும்.

[திரையில்: ஒரே எண். 6.]

அந்த வீரர் இன்னும் எத்தனை வருடம் கிளப்பின் பிடியில் இருக்கிறார்? அதுதான் கேள்வி.

ஐபிஎல் பார்த்துப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் புதிதாக இருக்கும். மேஜர் லீக் பேஸ்பாலில் ஏலம் கிடையாது. ஒரு வீரர் மேஜர் லீக்கில் ஆறு வருட சர்வீஸ் முடிக்கும்வரை கிளப்புக்குத்தான் அவர்மேல் உரிமை. முதல் மூன்று வருடங்கள் பெரும்பாலும் குறைந்தபட்ச சம்பளத்தை ஒட்டித்தான் கிடைக்கும். 2025இல் அது 7 லட்சத்து 60 ஆயிரம் டாலர். அடுத்த மூன்று வருடம் ஆர்பிட்ரேஷன். வீரர் ஒரு தொகை சொல்வார், கிளப் ஒரு தொகை சொல்லும். ஒத்துவரவில்லை என்றால் நடுவர் குழு இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கும். நடுவில் ஒரு தொகைக்கு ராஜி பண்ணிவைக்கிற பேச்சே இல்லை. ஆறு முடிந்த பிறகுதான் ஃப்ரீ ஏஜென்ட்.

லீஸுக்கு எடுத்த வீட்டைக் கைமாற்றி விடுவது மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். வீடு அதேதான். லீஸ் இன்னும் எத்தனை வருடம் மிச்சம் என்பதைப் பொறுத்துத்தான் விலை.

இந்த வருடக் கணக்கில் கிளப்புகள் எவ்வளவு கறாராக இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். 172 நாள் ரோஸ்டரில், அதாவது மேஜர் லீக் அணிப் பட்டியலில், இருந்தால் ஒரு வருட சர்வீஸ். 2015இல் சிகாகோ கப்ஸ், கிறிஸ் பிரையன்ட் என்ற இளைஞரை சீசன் தொடங்கியதும் சேர்க்காமல், ஏப்ரல் 17 அன்றுதான் மைனர் லீக் என்ற கீழ்நிலைப் போட்டிகளிலிருந்து மேலே கொண்டுவந்தது. அந்த சீசனின் சிறந்த புதுமுக வீரர் விருது அவருக்குத்தான். ஆனால் கையில் சேர்ந்த சர்வீஸ் 171 நாள். ஒரே ஒரு நாள் குறைவு. கப்ஸுக்கு ஒரு முழு வருடம் கூடுதலாகக் கிடைத்தது. பிரையன்ட் முறையிட்டார், 2020 ஜனவரியில் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. சட்டப்படி சரிதான். நியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

[திரையில்: வாஷிங்டன், சான் டியேகோ, நியூயார்க் மூன்றையும் இணைக்கும் அம்புக்குறிகள்.]

சரி, இந்தக் கணக்கு டிரேடில், அதாவது கிளப்புகள் வீரர்களை மாற்றிக்கொள்வதில், எப்படி வேலை செய்கிறது? ஹுவான் சோட்டோவை விட நல்ல பாடம் கிடைக்காது.

2022 கோடைக்காலம். சோட்டோவுக்கு 23 வயது. வாஷிங்டன் நேஷனல்ஸ் 15 வருடத்துக்கு 44 கோடி டாலர் தருவதாகச் சொன்னது. அவர் வேண்டாம் என்றார். அவர் ஃப்ரீ ஏஜென்ட் ஆக இரண்டரை சீசன் மிச்சம். இப்போது விற்றால்தான் விலை, காத்திருந்தால் ஒவ்வொரு மாதமும் விலை இறங்கும் என்று வாஷிங்டனுக்குத் தெரியும். ஆகஸ்டில் சான் டியேகோ பாட்ரஸுக்கு அனுப்பிவிட்டார்கள். கூடவே ஜாஷ் பெல்லும் போனார். பதிலுக்கு வந்தவர்கள் சி.ஜே. ஏப்ரம்ஸ், மெக்கென்சி கோர், ஜேம்ஸ் வுட், ராபர்ட் ஹாசல், ஹார்லின் சுசானா என்று ஐந்து இளைஞர்கள். மேல்கொசுறாக லூக் வாய்ட். ஏப்ரம்ஸ், கோர், வுட் மூவரும் பிற்பாடு ஆல்-ஸ்டார் ஆனார்கள்.

அடுத்த காட்சி 2023 டிசம்பர். ஓட்டானியின் விமானம் பறந்த அதே வாரம். சோட்டோவுக்கு இப்போது ஒரே ஒரு வருடம்தான் மிச்சம், அதுவும் 3 கோடி டாலரைத் தாண்டப்போகிற சம்பளத்தில். பாட்ரஸுக்கு அந்த வருடம் நேரம் சரியில்லை. அவர்களுடைய போட்டிகளை ஒளிபரப்பிய நிறுவனம் மே மாதத்தோடு பணம் கட்டுவதை நிறுத்தியிருந்தது. தாராளமாகச் செலவழித்த உரிமையாளர் பீட்டர் சைட்லர் நவம்பரில் காலமானார். சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கிய பிளேக் ஸ்னெல் உட்பட பந்து வீசும் பிட்சர்கள் பலரின் ஒப்பந்தம் முடிந்து கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஆக, பணமும் மிச்சமாக வேண்டும், பிட்சர்களும் வேண்டும்.

'சோட்டோ யாங்கீஸுக்கு' என்ற வதந்தி அந்தச் சமயத்தில் வந்தபோது அது நம்பத் தகுந்தது. விற்கிறவருக்கு விற்றே ஆக வேண்டிய காரணம் இருந்தது. வாங்குகிறவரிடம் பிட்சர்கள் இருந்தார்கள், பணமும் இருந்தது. அப்படியே நடந்தது. மைக்கேல் கிங், டிரூ தோர்ப், ஜோனி பிரிட்டோ, ராண்டி வாஸ்கேஸ் என்று நான்கு பிட்சர்கள், கேட்சர் கைல் ஹிகஷியோகா ஒருவர். எண்ணிக்கையைப் பார்த்து அதிகம் என்று நினைக்காதீர்கள். 2022இல் வாஷிங்டன் வாங்கிய கூட்டத்தோடு வைத்துப் பார்த்தால் இது சுமார்தான். ஆள் அதே சோட்டோ. மிச்சமிருந்த வருடம்தான் குறைந்திருந்தது.

நியூயார்க்கில் சோட்டோ 41 ஹோம் ரன் அடித்தார். அணி, லீக்கின் இறுதித் தொடரான உலகத் தொடர்வரை போய் டாட்ஜர்ஸிடம் தோற்றது. சீசன் முடிந்ததும் அவர் ஃப்ரீ ஏஜென்ட். ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கிற நியூயார்க் மெட்ஸ், 15 வருடத்துக்கு 76.5 கோடி டாலர் கொடுத்துத் தூக்கிக்கொண்டது. 44 கோடியை வேண்டாம் என்றபோது அவரைப் பேராசைக்காரர் என்று திட்டியவர்கள் உண்டு.

பாட்ரஸ் என்ன ஆயிற்று? 2023இல் சோட்டோவோடு 82 வெற்றி, 2024இல் சோட்டோ இல்லாமல் 93. கிங் 201 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். தோர்ப்பை அவர்கள் வைத்துக்கொள்ளவே இல்லை. 2024 மார்ச்சில் இன்னும் சிலரோடு சேர்த்து அவரை சிகாகோ வைட் சாக்ஸுக்குக் கொடுத்து டிலன் சீஸ் என்ற பிட்சரை வாங்கினார்கள். சீஸ் அந்த ஜூலையில் எதிரணிக்கு ஒரு ஹிட்டுக்கூடக் கொடுக்காமல் ஓர் ஆட்டத்தை முடித்தார். எதிரணி எது தெரியுமா? வாஷிங்டன்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் டிரென்ட் கிரிஷம். சோட்டோவோடு 'இவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்' என்று யாங்கீஸ் தலையில் கட்டப்பட்டவர். 2025இல் 34 ஹோம் ரன் அடித்தார். வெளியே போக இருந்தவரைப் பிடித்துவைக்க யாங்கீஸ் கொடுத்த ஒரு வருட ஆஃபர் 2 கோடியே 20 லட்சத்து 25 ஆயிரம் டாலர். வாங்கிக்கொண்டு தங்கிவிட்டார்.

[திரையில்: காலண்டர். நவம்பர் முதல் பிப்ரவரி வரை.]

இந்தப் பேச்சுகள் எப்போது சூடு பிடிக்கும்? உலகத் தொடர் முடிந்து ஐந்து நாளில் ஃப்ரீ ஏஜென்சி திறக்கும். நவம்பரில் ஜெனரல் மேனேஜர்கள் கூடுவார்கள். டிசம்பர் தொடக்கத்தில் எல்லா 30 கிளப்பும் ஒரே ஹோட்டலில் சந்திக்கிற வின்டர் மீட்டிங்ஸ். பிப்ரவரி நடுவில் பிட்சர்களும் கேட்சர்களும் பயிற்சிக்கு வந்துவிடுவார்கள்.

நடுவில் பலர் கவனிக்காத ஒரு நவம்பர் கெடு இருக்கிறது. ஒவ்வொரு கிளப்புக்கும் 40 பேர் பட்டியல் ஒன்று உண்டு. அதில் 26 பேர்தான் மைதானத்தில் ஆடுகிற அணி. சில வருடம் மைனர் லீக்கில் இருந்தும் அந்த 40க்குள் வராத இளைஞரை, டிசம்பரில் நடக்கும் ரூல் 5 டிராஃப்டில் வேறு கிளப் 1 லட்சம் டாலருக்கு எடுத்துக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை: அடுத்த சீசன் முழுக்க 26 பேர் அணியிலேயே வைத்திருக்க வேண்டும். அதனால் நல்ல இளைஞர்கள் நிறைய இருந்து 40 இடமும் நிரம்பிய கிளப்பைப் பார்த்தால் ஒன்று புரிந்துகொள்ளலாம். அவர்கள் யாரையாவது விற்றாக வேண்டும். அங்கிருந்து வருகிற வதந்திக்குக் கூடுதல் மதிப்பெண் போடலாம்.

கோட்டை விட்டால் என்ன ஆகும்? 1999இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் பாதுகாக்காமல் விட்ட ஓர் இளம் இடக்கைப் பிட்சரை அந்த டிராஃப்டில் ஃப்ளோரிடா மார்லின்ஸ் எடுத்தது. எடுத்த கையோடு மினசோட்டா ட்வின்ஸுக்கு மாற்றிவிட்டது. பதிலுக்குக் கிடைத்தது ஜாரெட் கேம்ப் என்ற பிட்சர். கூடவே 50 ஆயிரம் டாலரையும் மார்லின்ஸே கொடுத்தது. கைமாறிய அந்த இளைஞர் யோஹான் சன்டானா. 2004, 2006 இரண்டு முறை சை யங் விருது. ஹூஸ்டனும் மார்லின்ஸும் நீண்ட நாள் வயிறெரிந்திருப்பார்கள்.

அப்புறம் வரி. அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு இல்லை என்றாலும், ஓர் எல்லையைத் தாண்டினால் ஆடம்பர வரி. 2025இல் எல்லை 24.1 கோடி டாலர். முதல் முறை தாண்டினால் கூடுதல் தொகைக்கு 20 சதவீதம், தொடர்ந்து மூன்றாவது முறை என்றால் 50. ஓட்டானி 70 கோடியில் 68 கோடியை 2034 முதல் வாங்கிக்கொள்கிறேன் என்றதால், வரிக் கணக்கில் அவர் வருடத்துக்கு 7 கோடி அல்ல, சுமார் 4.6 கோடிதான். மிச்சத்தில் டாட்ஜர்ஸ் அணிக்கு ஆள் சேர்க்க முடிகிறது.

[திரையில்: கைபேசியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும் அறிவிப்புகள்.]

இனி வதந்திகள் எங்கிருந்து கிளம்புகின்றன என்று பார்ப்போம். 'பெயர் சொல்லாத ஓர் அணியும் களத்தில் இருக்கிறது' என்று படித்தால், அதனால் யாருக்கு லாபம் என்று பாருங்கள். பெரும்பாலும் வீரருக்காகப் பேரம் பேசும் ஏஜென்டுக்கு. 'பல அணிகள் இவரைப் பற்றி விசாரித்தன' என்றால் விற்கிற கிளப்புக்கு. விசாரிப்பதற்குக் காசா பணமா? முப்பது கிளப்பும் எல்லாரைப் பற்றியும் விசாரித்துக்கொண்டேதான் இருக்கும். பதிலுக்கு யாரைக் கேட்டார்கள் என்று பெயரோடு செய்தி வந்தால்தான் காது கொடுக்கலாம்.

வீரருக்கே தடுக்கும் உரிமை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். 10 வருட சர்வீஸ், அதில் கடைசி 5 வருடம் ஒரே கிளப்பில் என்றால் டிரேடை மறுக்கலாம். சிலர் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுவார்கள். 2017இல் ஜான்கார்லோ ஸ்டான்டனுக்காக ஜயன்ட்ஸும் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸும் எல்லாம் பேசி முடித்தன. அவர் இரண்டு இடத்துக்கும் மாட்டேன் என்று சொல்லிவிட்டு யாங்கீஸுக்குப் போனார்.

எல்லாம் முடிந்து மெடிக்கல் பரிசோதனையில் நின்றுபோவதும் உண்டு. 2022 டிசம்பரில் கார்லோஸ் கொரேயாவுக்கு ஜயன்ட்ஸ் 35 கோடி டாலர் பேசியது. அறிமுகச் செய்தியாளர் சந்திப்பு நடக்கவேண்டிய அன்றே அது ரத்தானது. மெடிக்கல் அறிக்கையில் திருப்தி இல்லை. உடனே மெட்ஸ் 31.5 கோடி என்று பேசியது. அங்கும் அதே அறிக்கை, அதே தயக்கம். கடைசியில் ஜனவரியில், முன்பு ஆடிய மினசோட்டாவிலேயே 20 கோடிக்குக் கையெழுத்துப் போட்டார். 'மெடிக்கல் முடிந்தால் உறுதி' என்று செய்தியின் கடைசியில் வருகிற வரியைப் படிக்காமல் ஜெர்சி வாங்கிவிடாதீர்கள்.

இன்னொரு விஷயம் மட்டும். இந்த விதிகள் எல்லாமே கிளப்புகளுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் இருப்பவை. போன ஒப்பந்தம் முடிந்ததும், 2021 டிசம்பர் 2 முதல் 99 நாள் கதவடைப்பு. மேஜர் லீக் வீரர் ஒருவரைக்கூட அப்போது டிரேட் செய்ய முடியவில்லை. 2022 மார்ச் 10இல் திறந்தது. 14ஆம் தேதி மாட் ஓல்சன் ஓக்லண்டிலிருந்து அட்லாண்டா பிரேவ்ஸுக்குப் போனார். 15ஆம் தேதி அவருக்கு 8 வருட ஒப்பந்தம், 16.8 கோடி டாலர். அவர் வந்ததால் அங்கே இடம் போன ஃப்ரெடி ஃப்ரீமன், அதே வாரம் டாட்ஜர்ஸில் சேர்ந்தார். இப்போதைய ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. வின்டர் மீட்டிங்ஸ் வழக்கமாக நடக்கும் நாட்களுக்குச் சற்று முன்பு.