பேர் தெரியாத படத்து முன்னாடி

எல்லாருக்கும் வணக்கம். மாடர்ன் ஆர்ட் பத்தி பேசுங்கன்னு கூப்பிட்டாங்க, அது கடல் மாதிரி, ஒரு மணி நேரத்துல ஆகாது. அதனால உருவமே இல்லாத படம், அப்ஸ்ட்ராக்ட்னு சொல்றோமே, அரூப ஓவியம், அது எப்படி ஆரம்பிச்சுது, அதுல என்ன இருக்குன்னு ஜனங்க போய் அது முன்னாடி நிக்கிறாங்க, இதை மட்டும் பேசுறேன்.

1896. மாஸ்கோவுல பிரெஞ்சு ஓவியங்களோட கண்காட்சி நடக்குது. பின்னாடி அரூப ஓவியத்தோட முன்னோடின்னு பேர் வாங்கின கண்டின்ஸ்கினு ஒரு ரஷ்யாக்காரர் அங்க போறார். சட்டம் படிச்சவர், வயசு முப்பதை ஒட்டி. மோனே வரைஞ்ச ஒரு படத்து முன்னாடி நிக்கிறார், என்ன படம்னே புரியல. கேட்டலாக்கை பார்த்தாத்தான் அது வைக்கோல் போர்னு தெரியுது. இப்படி புரியாத மாதிரி வரைய ஒரு ஓவியனுக்கு உரிமையே இல்லைன்னு முதல்ல அவருக்குத் தோணுது. ஆனா அந்தப் படம் கண்ணை விட்டுப் போகவே மாட்டேங்குது, நினைக்காதப்பல்லாம் கண்ணு முன்னாடி வந்து நிக்குதுன்னு பின்னாடி அவரே எழுதியிருக்கார். யுனிவர்சிட்டி வேலை ஒண்ணு தேடி வந்துச்சு, வேண்டாம்னுட்டு படம் வரையக் கத்துக்க மியூனிக் போயிட்டார்.

அங்க இன்னொண்ணு நடந்துச்சு. ஒரு நாள் சாயங்காலம், இருட்டுற நேரம், வெளிய போயிட்டு ஸ்டுடியோவுக்கு திரும்பி வர்றார், கதவைத் திறந்தா செவுத்துல சாஞ்சு ஒரு படம், உள்ளுக்குள்ள இருந்து ஒளி வர்ற மாதிரி அப்படி ஒரு அழகு, அதுல மனுஷனும் இல்ல மரமும் இல்ல, வெறும் வடிவமும் நிறமும்தான். கிட்டப் போய் பார்த்தா அது அவரே வரைஞ்ச படம், பக்கவாட்டுல திருப்பி வச்சிருந்திருக்கு. மறுநாள் பகல் வெளிச்சத்துல அதே படத்தை அதே மாதிரி திருப்பி வச்சுப் பார்க்கிறார். வரல. பாதிதான் வருது. ஏன்னா இப்ப அதுல இருக்கிற பொருளெல்லாம் அடையாளம் தெரிஞ்சிடுது. என் படத்தைக் கெடுக்கிறதே இந்தப் பொருளுங்கதான்னு அன்னைக்கு அவருக்குப் பட்டுச்சு.

எனக்கு இந்த மறுநாள் கதைதான் ரொம்ப முக்கியம். நாம ஒண்ணைப் பார்த்து "ஓ, மரம்"னு சொன்ன உடனே கண்ணு வேலையை நிறுத்திடுது. பேர் கிடைச்சாச்சு, போதும்னு அடுத்ததுக்குப் போயிடுறோம். பேர் கிடைக்காத படத்துல அந்த வசதி இல்ல, பார்த்துக்கிட்டேதான் இருக்கணும்.

சரி, பொருளை எடுத்துட்டா வேற எதை வரையறது? இங்கதான் நம்ம ஊர் வருது. பிரம்மஞான சபை, அதான் தியோசாபிகல் சொசைட்டினு சொல்ற ஆன்மிக அமைப்பு, 1875-ல நியூயார்க்ல ஆரம்பிச்சு, 1882-ல அடையாறுக்கு வந்துச்சு. அதுல இருந்த அன்னி பெசன்ட்டும் லெட்பீட்டரும் சேர்ந்து மனசுல வர்ற எண்ணங்களுக்கு உருவமும் நிறமும் உண்டுன்னு ஒரு புஸ்தகம் போட்டாங்க. கோவம் இப்படி இருக்கும், பக்தி நீலமா இருக்கும்னு கலர் படத்தோட. ஒரு சர்ச்சுக்குள்ள வாசிக்கிற இசை கூரைக்கு மேல பெரிய வண்ண மேகமா எழும்பி நிக்கிற மாதிரியும் படம் இருக்கு. நாம பஸ் ஏறி இறங்குற பெசன்ட் நகர் இருக்கே, அந்த பெசன்ட்தான். அந்த சபையோட கருத்துங்க கண்டின்ஸ்கிக்கு நல்லாத் தெரியும், டச்சு ஓவியர் மோன்ட்ரியான் 1909-ல மெம்பராவே சேர்ந்தார். எல்லாமே அடையாறுல இருந்து போச்சுன்னு நான் சொல்லல, அது மிகை. போட்டோ வந்தது, சயின்ஸ்ல எக்ஸ்ரே மாதிரி புதுசு புதுசா வந்ததுன்னு நிறைய காரணம் உண்டு. ஆனா கண்ணுக்குத் தெரியாததை வரையணும்ங்கிற தவிப்புல இதுக்கும் பெரிய பங்கு இருக்கு.

அந்தத் தவிப்போட இருந்த இன்னொருத்தர் ஸ்வீடன்ல ஹில்மா ஆஃப் கிளின்ட். அகாடமியில முறையா படிச்சவங்க, பூ, செடி, நிலக்காட்சி எல்லாம் அச்சு அசலா வரைவாங்க. வரையத் தெரியாதவங்கதான் இப்படி கிறுக்குறாங்கன்னு சொல்றவங்க இந்த அம்மாவோட செடிப் படங்களை ஒரு தடவை பார்க்கணும். இவங்க 1906-லயே, கண்டின்ஸ்கிக்கும் முன்னாடியே, அரூபமா வரைய ஆரம்பிச்சுட்டாங்க. 1907-ல பத்துப் படம், ஒவ்வொண்ணும் பத்தடிக்கு மேல உயரம், பேப்பர்ல. குழந்தைப் பருவத்துல இருந்து முதுமை வரைக்கும் மனுஷ வாழ்க்கை. குழந்தைப் பருவத்துக்கு நீலம், இளமைக்கு ஆரஞ்சு, அதுல சுருள் சுருளா கோடு, பூ மாதிரியும் இல்லாம நத்தை ஓடு மாதிரியும் இல்லாம. நான் செத்து இருபது வருஷம் ஆகுற வரைக்கும் யாருக்கும் காட்டக் கூடாதுன்னு எழுதி வச்சுட்டாங்க, 1944-ல போயிட்டாங்க. 1986-லதான் லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஒரு கண்காட்சியில சிலது வெளிய வந்துச்சு. 2018-ல நியூயார்க் குகன்ஹைம் மியூசியத்துல வச்சப்போ ஆறு லட்சம் பேருக்கு மேல வந்து பார்த்தாங்க. எத்தனையோ வருஷம் சுருட்டி வச்சிருந்த படம்ங்க அதெல்லாம். நினைச்சாலே எனக்கு தொண்டை அடைக்குது.

ரஷ்ய ஓவியர் மாலேவிச்சோட 'கறுப்புச் சதுரம்'ங்கிற படத்தையும் சொல்லணும், வெள்ளையில ஒரு கறுப்புச் சதுரம், அவ்வளவுதான். 1915 டிசம்பர்ல பெட்ரோகிராட்ல, இன்னைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல, ஒரு கண்காட்சியில அதை ரெண்டு செவுரு சேர்ற மூலையில, உச்சியில மாட்டினார். ரஷ்ய வீடுகள்ல சாமி படம் வைக்கிற இடம் அது, நம்ம வீட்டுல மாடம் மாதிரி. இன்னைக்கு அந்தக் கறுப்பு முழுக்க வெடிச்சுப் போய், ஏரித்தரை காஞ்ச மாதிரி கோடு கோடா இருக்கு, அந்த விரிசல் வழியா அடியில இருக்கிற வேற நிறம் எட்டிப் பார்க்குது.

கடைசியா ஒண்ணு. என் அம்மாவை சோழமண்டலத்துக்கு கூட்டிட்டுப் போயிருந்தேன், சென்னைக்குப் பக்கத்துல 1966-ல ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்னு ஆரம்பிச்ச ஓவியர் கிராமம். அவரோட 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படம் ஒண்ணு, ஜாதகக் கட்டம் மாதிரி கட்டம், வரி வரியா எழுத்து, ஆனா எந்த மொழியும் இல்ல. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு படிக்கப் பார்த்தாங்க. "தமிழா மலையாளமாடா இது?"ன்னாங்க. ரெண்டும் இல்லம்மான்னேன். அப்புறம் பேசவே இல்ல, நான் மத்ததெல்லாம் பார்த்துட்டு வர்ற வரைக்கும் அதே இடத்துல நின்னுட்டு, "யாரோ ரொம்ப அவசரமா எதையோ சொல்ல வந்திருக்காங்கடா"ன்னாங்க.