காற்றாலைக்கு உரியவர் யார்?

அவைத்தலைவர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர்களே, கூட்டுறவுச் சங்கப் பொறுப்பாளர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவோ உடுமலைப் பக்கமாகவோ போனவர்கள் அங்கே வரிசை வரிசையாகச் சுழலும் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். அவை யாருடையவை என்று அந்த ஊர்க்காரரைக் கேட்டால், பெரும்பாலும் எங்கோ இருக்கும் ஒரு நூற்பாலையின் பெயரைத்தான் சொல்வார். காற்று அந்த ஊரில் வீசுகிறது, நிலமும் ஒரு காலத்தில் அந்த ஊராருடையதாகவே இருந்தது. இயந்திரம் மட்டும் வெளியூர்க்காரருக்குச் சொந்தமானது எப்படி? ஊராரிடம் பணம் இல்லை, துணிச்சல் இல்லை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது விடையாகப் படவில்லை. அரசு தரும் சலுகை எந்த வடிவில் வருகிறதோ அந்த வடிவமே உரிமையாளரையும் தேர்ந்தெடுத்துவிடுகிறது என்பதே நான் சொல்ல வந்தது.

நம் ஊர்க் கதையிலிருந்தே தொடங்குகிறேன். 1990களில் காற்றாலைக்கு மத்திய அரசு தந்த பெரிய ஊக்கம் விரைவுத் தேய்மானச் சலுகை. இயந்திரத்துக்குச் செலவிட்ட தொகை முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் காட்டி, வரிக்குரிய இலாபத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். பிற்பாடு அது 80 விழுக்காடாகி, 2017 முதல் 40 விழுக்காடாக நிற்கிறது. இலாபம் ஈட்டி வரி கட்டுகிறவருக்கு இது பெரிய வரம். வேளாண் வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. ஊராட்சியும் வருமான வரி கட்டுவதில்லை. கட்டாத வரியில் எதைக் கழிப்பது? உழவர் வரக்கூடாது என்று எந்த அதிகாரியும் எழுதிவைக்கவில்லை. ஆனால் நூற்பாலை முதலாளிக்குத் திறந்த கதவு, பக்கத்து வயல்காரருக்குத் திறக்கவே இல்லை.

டென்மார்க்கில் இதே இயந்திரம் வேறு கைகளுக்குப் போனது. அங்கே 1979 முதல் பத்து ஆண்டுகளுக்கு, காற்றாலை நிறுவும் செலவில் ஒரு பகுதியை அரசே மானியமாகத் தந்தது. தொடக்கத்தில் அது 30 விழுக்காடு. வரி கட்டுகிறவர், கட்டாதவர் என்ற வேறுபாடு மானியத்துக்கு இல்லை. மின்சாரத்தை நுகர்வோர் விலையின் 85 விழுக்காட்டுக்கு மின் நிறுவனங்கள் வாங்கியே ஆகவேண்டும் என்ற ஏற்பாடும் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து கூட்டுரிமைச் சங்கம் அமைத்தார்கள். ஆண்டுக்கு 1000 யூனிட் தரும் அளவு ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டதால், தன் வீட்டுக்கு எத்தனை பங்கு வேண்டும் என்பதை யாரும் எளிதில் கணக்கிட முடிந்தது.

அவர்கள் செய்த இன்னொரு ஏற்பாடு என்னை மிகவும் கவர்ந்தது. சங்கம் கடன் வாங்கக்கூடாது என்று விதியிலேயே எழுதிக்கொண்டார்கள். கூட்டாளிகள் எல்லோரும் கடனுக்குப் பொறுப்பாளிகள் ஆகிவிடும் அமைப்பு அது என்பதால் இந்த எச்சரிக்கை. பங்கு வாங்க விரும்பியவர் தன் வங்கியில் தன் பெயரில் சிறு கடன் எடுத்தார். விலை உறுதியாக இருந்ததால் வங்கியும் தயங்காமல் கொடுத்தது. கோபன்ஹேகனுக்கு எதிரே கடலில் 2000ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மிடல்குருண்டன் காற்றாலைத் தொகுதியில் 20 இயந்திரங்கள் உண்டு, ஒவ்வொன்றும் 2 மெகாவாட். அதில் சரிபாதி 40,500 பங்குகளாகப் பிரிக்கப்பட்டு, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரண மக்களிடம் இருந்தது. மறுபாதி நகரத்தின் மின் நிறுவனத்துக்கு உரியது. 27 இயந்திரங்களை மூன்று வரிசையில் நிறுத்துவது முதல் திட்டம். மக்கள் கருத்துக் கேட்புக்குப் பிறகு அது 20 ஆகக் குறைந்து ஒரே வளைவாக மாறியது. பங்கு விற்ற கதையை விட இந்த மாற்றத்தைத்தான் நம் கருத்துக் கேட்புக் கூட்டங்களை நடத்துகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

ஜெர்மனி தரும் பாடம் சற்றுக் கசப்பானது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் 20 ஆண்டுகளுக்கு நிலையான கொள்முதல் விலையை உறுதிசெய்தது; அந்த உறுதியை நம்பி உழவர்களும் சிற்றூர்க் கூட்டுறவுகளும் கடன் பெற்றார்கள். 2017இல் காற்றாலைக்கு ஏல முறை வந்தது. குறைந்த விலை கேட்டவருக்கே வாய்ப்பு. தோற்றால் ஆய்வுக்கும் அனுமதிக்கும் செலவழித்த பணம் போனது போனதுதான். பத்து ஏலத்தில் ஏழில் தோற்கும் பெரிய நிறுவனம் மீதி மூன்றில் ஈடுகட்டிக்கொள்ளும். வாழ்நாளில் ஒரே ஒரு காற்றாலை வைக்க நினைக்கும் கூட்டுறவு அந்த ஒரு தோல்வியோடு முடிந்துவிடும். இதை உணர்ந்த அரசு, குறைந்தது பத்துப் பேர் கொண்ட உள்ளூர் மக்கள் நிறுவனங்களுக்கு ஏலத்தில் சலுகை வைத்தது. விளைவு என்ன தெரியுமா? அந்த ஆண்டின் முதல் ஏலத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேலான அளவை மக்கள் நிறுவனங்களே வென்றன. பின்னால் பார்த்தால், அவற்றில் பலவற்றின் முதுகில் பெரிய காற்றாலை நிறுவனங்களே நின்றன. பத்துக் கையெழுத்து வாங்குவது யாருக்கும் கடினமில்லை. உள்ளூர் உரிமை என்று சட்டத்தில் எழுதும்போது, முடிவெடுப்பவர் யார், இலாபம் யாரிடம் போய்ச் சேர்கிறது என்பதையும் சேர்த்து எழுதாவிட்டால் பெயர்ப்பலகை மட்டுமே மிஞ்சும்.

இனி நம்மிடையே நடந்த ஓர் அருஞ்செயலுக்கு வருகிறேன். மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி, 2006இல் 350 கிலோவாட் திறனுள்ள காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. விலை சுமார் 1.55 கோடி ரூபாய். ஊராட்சி தன் சேமிப்பிலிருந்து 40 இலட்சம் போட்டது, மீதி 1.15 கோடி வங்கிக் கடன். ஓடந்துறையில் போதிய காற்று இல்லாததால் இயந்திரத்தை உடுமலைப் பகுதியிலுள்ள மைவாடியில் நிறுத்தினார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 6.75 இலட்சம் யூனிட் கிடைத்தது; ஊராட்சியின் தேவை 4.5 இலட்சம். தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் போக எஞ்சியது மின் வாரியத்துக்கு விற்பனையானது. அந்த வருமானம் கடனை அடைக்க உதவியது.

இதைப் பாராட்டி எத்தனையோ பேர் பேசியிருக்கிறார்கள். பாராட்டிவிட்டு அவரவர் ஊருக்குப் போய்விடுகிறோம். ஓடந்துறையைப் போல ஊருக்கு ஊர் காற்றாலை நிற்கவில்லை. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. கையில் 40 இலட்சம் சேர்த்து வைத்திருக்கும் ஊராட்சி எத்தனை? ஊராட்சியிடம் பிணையாக வைக்க என்ன இருக்கிறது? தலைவர் ஐந்தாண்டில் மாறுவார், கடன் அதற்கு அப்பாலும் தொடரும் என்ற கவலை வங்கி மேலாளருக்கு இருப்பதில் வியப்பில்லை. மின்சாரத்தை வாங்கியவர் பணத்தைச் சில மாதம் தாமதித்தால் ஆலை முதலாளி தாங்குவார். தவணை தவறினால் ஊராட்சிக்குத் தாங்கும் வழியில்லை. வங்கிகள் தம் கடனில் ஒரு பகுதியைக் கட்டாயமாக ஒதுக்க வேண்டிய முன்னுரிமைக் கடன் பிரிவில், புதுப்பிக்கத்தக்க எரிசக்தியை 2015இலேயே ரிசர்வ் வங்கி சேர்த்துவிட்டது. ஆகவே பணம் இல்லை என்பதை விட, முதல் சில ஆண்டுகளின் இடரை ஏற்க ஆளில்லை என்பதே உண்மை. அந்த இடத்தில்தான் மாநில அரசின் உத்தரவாத நிதி ஒன்று வேண்டும். தாமதமான மின் தொகைக்கு ஈடாகத் தவணையை அந்த நிதி செலுத்தி, பிறகு வாரியத்திடம் வசூலித்துக்கொள்ளட்டும்.

குஜராத்தின் துண்டி கிராமத்தில் 2016இல் சில உழவர்கள் சூரிய மின் பம்பு கூட்டுறவு ஒன்றைத் தொடங்கினார்கள். பாசனத்துக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின் நிறுவனம் யூனிட் 4.63 ரூபாய்க்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. அதற்கு மேல் ஊக்கத்தொகையும் கிடைத்தது. மின்சாரம் விற்றால் காசு என்றானபின் நிலத்தடி நீரை வீணே இறைக்க யாருக்கும் மனம் வராது. சிறிய அளவுதான், ஆனால் தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் ஒரே ஒப்பந்தத்தில் கணக்குத் தீர்த்த ஏற்பாடு அது.

2024இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டம் கூரை உள்ளவருக்கு நல்ல திட்டம். 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம். வாடகை வீட்டிலும் அடுக்குமாடியிலும் இருப்பவருக்குக் கூரை ஏது? வேறிடத்திலுள்ள பொது நிலையத்தில் பங்கு வாங்கி, அந்த யூனிட்டைத் தன் வீட்டுக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளும் முறைக்கு டெல்லி 2019இலேயே விதி வகுத்தது. டென்மார்க்கின் 1000 யூனிட் பங்கும் ஏறக்குறைய இதுதான். மகளிர் சுய உதவிக்குழுவும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கமும் இத்தகைய பங்குக்குச் சிறு கடன் தர முடியும். நகைக்கடனுக்கும் பயிர்க்கடனுக்கும் பழகிய அந்தக் கைகளுக்கு இது புதிய கணக்கு அல்ல.

இங்கே வந்திருக்கும் ஊராட்சித் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊராட்சியின் ஓராண்டு மின் கட்டணச் சீட்டுகளை, குடிநீர் மோட்டார் தனி, தெருவிளக்கு தனி என்று பிரித்து, யூனிட்டும் ரூபாயுமாகக் கூட்டி, அடுத்த கிராம சபையில் படித்துக்காட்டுங்கள். எத்தனை கிலோவாட் வாங்குவது, எவ்வளவு கடன் கேட்பது, பக்கத்து ஊராட்சியைச் சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்ற பேச்சை அந்தத் தொகையை வைத்துத்தான் தொடங்க முடியும்.