நாள் சம்பளமா, மாதச் சம்பளமா?

(கோலாலம்பூர், செந்தூலில் நடந்த தொழிலாளர் தினக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, இரண்டு நிகழ்ச்சிகளை ஒதுக்கிவிட்டு இங்கே வந்திருக்கும் முதலாளி டத்தோ அவர்களே, மண்டபத்தையும் மோரையும் தந்த ஆலய நிர்வாகத்தினரே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற ரயில்வே பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம். பெயர் விடுபட்டவர்கள் பொறுத்தருள வேண்டும். சென்ற ஆண்டு ஒரு பொருளாளரை விட்டுவிட்டேன். இன்னும் அவர் என்னோடு பேசுவதில்லை.

பட்டறை, குவாட்டர்ஸ், இன்றைய பிள்ளைகள் என்று மூன்று செய்திகளைப் பேச வந்திருக்கிறேன்.

ஊர் கூடித் தேர் இழு என்பார்கள். செந்தூல் இழுத்த தேர் ரயில். என் தாத்தா இங்குள்ள ரயில்வே பட்டறையில் கொதிகலன் பிரிவில் இருந்தார். 1945-இல் விமானங்கள் குண்டு வீசிப் பட்டறையைச் சிதைத்தன. அதை மீண்டும் எழுப்பிய கைகளில் அவருடைய கையும் உண்டு. சம்மட்டிச் சத்தத்தில் காது மட்டும் போய்விட்டது.

அப்பா அதே பட்டறையில் பிட்டர். 1962-இல் பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் பெண் பார்க்கப் போனார்கள். பெண்ணின் தகப்பனார் கிராணி, அலுவலக எழுத்தர். என் அம்மாவைப் பெற்ற பாட்டி காபித் தம்ளரை நீட்டினார், ஆனால் விடவில்லை. "மாப்பிள்ளைக்கு நாள் சம்பளமா, மாதச் சம்பளமா?" என்று கேட்டார். தாத்தாவுக்குத்தான் காது கேட்காதே! "சர்க்கரை கொஞ்சம் போதும்" என்றார். பாட்டி சிரிக்கவில்லை. மறுபடியும் கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "நாள் சம்பளம்" என்றார். காபி கிடைத்தது, பெண் கிடைக்கவில்லை.

அந்த டிசம்பரில்தான் ரயில்வே தொழிலாளர்கள், நாள் சம்பளத்தை மாதச் சம்பளமாக்கு என்று வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பெண்ணைக் கொடுக்காத பாட்டி மறியலில் நின்றவர்களுக்குச் சோற்றுப் பொட்டலம் கொடுத்தனுப்பினார். அப்பாவுக்கு வந்த பொட்டலத்தில் மட்டும் முட்டை இருந்ததாம்! மிச்சத்தை நான் சொல்ல வேண்டாம். சாட்சியாக இங்கே நிற்கிறேன்.

இப்போது என் மகளுக்கு ஒரு பையனைப் பிடித்திருக்கிறது. இருவரும் முதலில் சேர்ந்து போனது நாடகம் பார்க்க. எங்கே? பழைய ரயில்வே கிடங்கில் 2005-இல் திறந்தார்களே, அந்த அரங்கில். வீட்டுக்கு வந்த பையனிடம் பாட்டியின் கேள்வியைக் கேட்டேன். "நாள் சம்பளம்தான் அங்கிள். ஷிப்டு இருக்கிற நாளுக்கு மட்டும்" என்றான். பார்சல் பிரிக்கும் கிடங்கில் குத்தகைக்காரர் வழியாக வேலை. மூன்று தலைமுறை உழைத்து, பாட்டி காபியை விடாமல் நின்ற அதே இடத்துக்கு வந்திருக்கிறோம். சங்கம் உண்டா என்றேன். "நான் தொழிலாளி இல்லை அங்கிள், டீம் மெம்பர்" என்றான். எனக்குக் கோபம் வந்தது அந்தப் பெயரை வைத்தவர்கள் மீது.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். குவாட்டர்ஸ் கதை அடுத்த கூட்டத்தில். ஊர் கூடித் தேர் இழு என்றேன். சங்கத்தைப் பதிய விண்ணப்பத்தில் ஏழு பேர் கையெழுத்துப் போதும் என்கிறது 1959-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம். மோர் வைத்திருக்கும் மேசையிலேயே படிவமும் இருக்கிறது. நேற்று வரை நான்கு கையெழுத்து. இன்று காலை அந்தப் பையன் போட்டது ஐந்தாவது. கிடங்குப் பிள்ளைகள் பின்வரிசையில் இருக்கிறீர்கள், தெரிகிறது. எழுந்து வாருங்கள்.

டத்தோ அவர்கள் பேனாவை எடுக்கிறார். மன்னிக்க வேண்டும் டத்தோ, முதலாளி கையெழுத்துச் செல்லாது. பேனாவை மட்டும் கொடுங்கள்.