வாந்தியைப் பொறுத்துக்க வேண்டாம்

எல்லாருக்கும் வணக்கம். இங்க உக்காந்திருக்கறவங்கள்ல சிலபேர் புற்றுநோய்க்கு கீமோ எடுத்துக்கிட்டு இருக்கீங்க, சிலபேர் கூட இருந்து பாத்துக்கறவங்க, ரெண்டு பேருக்கும் சேர்த்துதான் பேசப்போறேன். நான் டாக்டர் இல்லீங்க, கீமோ வார்டுல நர்ஸ். அதனால நோயைப் பத்தி பெருசா ஒண்ணும் சொல்லமாட்டேன், குமட்டல், வாந்தி இது ரெண்டை மட்டும் பேசறேன்.

வார்டுல அடிக்கடி காதுல விழற வார்த்தை, "கீமோன்னா வாந்தி வரத்தானே சிஸ்டர் செய்யும், பொறுத்துக்கறேன்." அய்யோ, ஏங்க பொறுத்துக்கணும்? ஒரு காலத்துல வேற வழி இல்ல, அது உண்மை. சிஸ்பிளாட்டின்னு ஒரு கீமோ மருந்து, அதை வாந்தி தடுப்பு இல்லாம குடுத்தா 10 பேர்ல 9 பேருக்கு மேல வாந்தி எடுப்பாங்க, அந்த பயத்துலயே பாதியில ட்ரீட்மென்ட்டை விட்டவங்க உண்டு. 1991-ல அமெரிக்காவுல ஓன்டான்செட்ரான்ங்கற வாந்தி தடுப்பு மருந்துக்கு அனுமதி கிடைச்சது, 2003-ல அப்ரெபிடன்ட், இப்போ சரியான கூட்டு மருந்து முன்னாடியே போட்டா நிறைய பேர் வாந்தியே இல்லாம கீமோவை முடிச்சிடறாங்க. குமட்டல்தான் இன்னும் கொஞ்சம் அடம்பிடிக்குது, அதை மறைக்காம சொல்லிடறேன்.

ஏன் நாலஞ்சு மருந்துன்னு கேப்பீங்க. வாந்தி வயித்துல ஆரம்பிக்குதுன்னு நாம நினைக்கறோம், ஆனா உத்தரவு போடறது மூளை. கீமோ மருந்து குடலோட உள்சுவர்ல இருக்கற செல்லைத் தாக்கும்போது அங்கேருந்து செரடோனின் வெளிய வருது, அது ஒரு நரம்பைத் தூண்டிவிட, மூளையோட அடிப்பகுதிக்கு சேதி போயிடுது, மூளை உடனே "வெளிய தள்ளு"ன்னு சொல்லிடுது. இது முதல் 24 மணி நேரத்துக் கதை, இங்கதான் ஓன்டான்செட்ரான் வேலை செய்யுது. அதுக்கப்புறம் வர்ற வாந்தியில பெரிய பங்கு வேற ஒரு ரசாயனத்துக்கு, சப்ஸ்டன்ஸ் பி (substance P)-ன்னு பேரு, அதை மறிக்கறதுதான் அப்ரெபிடன்ட். கூடவே டெக்ஸாமெத்தசோன்னு ஒரு ஸ்டீராய்டு. ஆக சீட்டுல இருக்கற ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி வேலை இருக்கு, ஒரே மருந்தை ரெண்டு பேர்ல எழுதிட்டாங்கன்னு நினைச்சு நீங்களா ஒண்ணைக் குறைச்சிடாதீங்க.

எனக்கு ரொம்ப ஆதங்கம் இந்த ரெண்டாவது மூணாவது நாள் மேலதான். ஆஸ்பத்திரியில இருக்கும்போது ட்ரிப்ஸ்ல எல்லாம் போயிடுது, நல்லா தெம்பா வீட்டுக்குப் போறீங்க, மறுநாள் "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, எதுக்கு மாத்திரை, ஏற்கனவே உடம்புல எவ்வளவோ மருந்து"ன்னு டப்பாவை மூடி வெச்சிடறீங்க. சிஸ்பிளாட்டின் மாதிரி மருந்துல இந்த தாமதமா வர்ற வாந்தி 48 மணியிலேருந்து 72 மணி நேரத்துக்குள்ளதான் உச்சத்துக்கே வரும், 5 நாள் வரைக்கும்கூட இழுக்கும். வாந்தி ஆரம்பிச்சப்புறம் மாத்திரையைப் போட்டா அதுவும் வெளிய வந்துடும், அப்புறம் அடக்கறது கஷ்டம். நல்லா இருக்கும்போதே, எழுதிக் குடுத்த நேரத்துக்கு, எழுதிக் குடுத்த நாள் வரைக்கும் போடணும்.

சீட்டுல ஓலன்சபைன்னு ஒரு மாத்திரையும் இருக்கலாம், அதைப் பத்தி ஒரு வார்த்தை. வீட்டுல யாராவது போன்ல தேடிப்பாத்துட்டு "இது மனநோய்க்குக் குடுக்கறதாச்சே"ன்னு பதறி நிறுத்திடறாங்க. அதுக்கும் குடுப்பாங்கதான், ஆனா குறைஞ்ச அளவுல குமட்டலுக்கு ரொம்ப நல்லா கேக்கும். தூக்கம் வரும், அதனால பெரும்பாலும் ராத்திரியில போடச் சொல்வாங்க, அந்த மயக்கத்தோட வண்டி ஓட்டாதீங்க. டெக்ஸாமெத்தசோன் தூக்கத்தைக் கெடுக்கும், சுகரை ஏத்தும், சுகர் இருக்கறவங்க முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. ஓன்டான்செட்ரான் மலச்சிக்கல் பண்ணும், மலச்சிக்கலே குமட்டலைக் கூட்டும், இதை வெக்கப்பட்டு சொல்லாம விடறவங்கதான் ஜாஸ்தி.

பக்கத்து பெட்காரங்களைப் பாத்து பயப்படாதீங்க. வின்கிரிஸ்டின் மாதிரி சில கீமோ மருந்துக்கு வாந்தி ரொம்பக் கம்மி. ஆளைப் பொறுத்தும் மாறும், பெண்களுக்கு, வயசு குறைஞ்சவங்களுக்கு, மசக்கையில ரொம்ப வாந்தி எடுத்தவங்களுக்கு, பஸ்ல போனா குமட்டறவங்களுக்கு வாய்ப்பு அதிகம், இதெல்லாம் முதல் கீமோவுக்கு முன்னாடியே சொன்னா டாக்டர் அதுக்கேத்த மாதிரி மருந்தைக் கூட்டுவார். ரேடியேஷன்லயும் அப்படித்தான், வயித்துக்குக் குடுத்தா வரும், கைகாலுக்குக் குடுத்தா அனேகமா வராது.

முதல் தடவை அடக்காம விட்டா இன்னொரு தொல்லை, அடுத்த தடவை ஆஸ்பத்திரி வாசனை பட்டதுமே, ஊசி போடறதுக்கு முன்னாடியே குமட்டும். "எல்லாம் மனசுதான்"னு வீட்டுல சொல்லிடாதீங்க, மூளை பழகிக்கிட்டது அது. அதுக்கும் பதட்டத்தைக் குறைக்கற லோராசெபாம் மாதிரி மாத்திரை இருக்கு, மூச்சுப் பயிற்சியும் சிலருக்கு உதவுது.

சாப்பாட்டுல பாசமா ஒரு தப்பு பண்றோம். கீமோ அன்னைக்குன்னு பாத்து அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சதை செஞ்சு குடுக்கறது. 1978-ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு வந்தது, கீமோவுக்கு முன்னாடி ஒரு புது ருசி ஐஸ்கிரீமை சாப்பிட்ட குழந்தைங்க நிறைய பேர் பின்னாடி அதையே வேண்டாம்னுட்டாங்க. பிடிச்ச சாப்பாட்டை நல்லா இருக்கற நாளுக்கு வெச்சுக்கோங்க. ஆறின சாப்பாட்டுல வாசனை கம்மி, அதைக் கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி குடுங்க, தண்ணியை மடக்கு மடக்கா. தட்டை முகத்துக்கு நேரா நீட்டி "ஒரே ஒரு வாய்"னு கெஞ்சாதீங்க. இஞ்சி கேப்பீங்க, ஆராய்ச்சி முடிவு இப்படியும் அப்படியும் இருக்கு, சமையல்ல சேக்கற அளவு பரவாயில்ல, மாத்திரையா வாங்கறதுக்கு முன்னாடி, அதுவும் ரத்தம் உறையாம இருக்க மருந்து எடுக்கறவங்க, கேட்டுக்கோங்க.

ஒரு நாள் முழுக்க தண்ணிகூட நிக்கலைன்னா, சிறுநீர் குறைஞ்சு கருமஞ்சளா போச்சுன்னா, எழுந்தா தலை சுத்துதுன்னா உடனே கூப்பிடுங்க. வாந்தியில ரத்தமோ காபித்தூள் மாதிரியோ வந்தா, வயிறு உப்பி வலிச்சா, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டா ராத்திரின்னு பாக்காம கிளம்புங்க. மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்துல வாந்தி வந்துட்டா திரும்பப் போடலாமான்னு போன் பண்ணிக் கேளுங்க. எந்த நம்பர்னு இன்னைக்கே வாங்கி வெச்சுக்கோங்க. எந்த நாள், எத்தனை மணிக்கு குமட்டுச்சுன்னு ஒரு பேப்பர்ல குறிச்சு அடுத்த தடவை கொண்டுவாங்க, "பரவாயில்ல டாக்டர், சமாளிச்சேன்"னு சொல்லிட்டீங்கன்னா அதே மருந்துதான் திரும்பவும் எழுதுவாங்க.